கண் மூடிய புத்தரும் இமை இல்லாத போதிதர்மரும்

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஹால் சுவரில் இருந்த எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருந்தது. அப்பாவின் போட்டோ, அதற்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலை, மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர், திருச்செந்தூரில் வாங்கிய முருகன் படம், அக்கா மகன் ஓவியப் போட்டியில் வாங்கிய சான்றிதழ். சுவர் காய்ந்த பிறகு அந்தப் பளிச்சென்ற வெறுமையைப் பார்த்ததும் எதையும் திரும்ப மாட்ட எனக்கு மனசு வரவில்லை. "ஹால் கொஞ்சம் அமைதியா இருக்கட்டுமே" என்று சொன்னது நான்தான். அப்பா போட்டோ அம்மாவின் அறைக்குப் போனது. காலண்டர் சமையலறையில் ஃபிரிட்ஜ் பக்கத்துக்கு, முருகன் பூஜை அலமாரிக்கு, சான்றிதழ் பரணுக்கு.

அந்தச் சுவருக்கு, இணையத்தில் 'ஜென்' என்று தேடி ஒரு கேன்வாஸ் படம் வாங்கினேன். ஐந்து துண்டுகளாக வரும், நடுத்துண்டு உயரமாகவும் ஓரத்துண்டுகள் குட்டையாகவும் இருக்குமே, அந்த வகை. புத்தரின் முகம், கண் மூடியபடி. முன்னால் தண்ணீர். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாலு கறுப்புக் கூழாங்கல். ஓரத்தில் ஒரு மூங்கில் குருத்து, ஒரு தாமரை. மாட்டி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"படம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா கண்ண மூடிட்டு இருக்காரு. நாம வந்தது போனது எதுவும் அவருக்குத் தெரியாது."

அப்போது சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியம் விடவில்லை. இந்தப் படத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். சேர்ந்த குறிப்புகளைக் கோர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். 'ஜென்' என்ற பெயரில் விற்கிற சுவர் அலங்காரத்தைப் பற்றிய ஒரு விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவனே எழுதுவது.

கூழாங்கல்

முதலில் நியாயமாக ஒன்று சொல்லிவிடலாம். வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிறவர்கள் தரும் யோசனைகளில் பாதி சரியானவை. சுவரில் பொருள் குறைந்தால் கண்ணுக்கு வேலை குறையும். மண் நிறம், சாம்பல், வெளிர் பச்சை எல்லாம் கண்ணைக் குத்தாது. ஒரு பெரிய படத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டால் அந்தப் படத்துக்கு மூச்சு விட முடியும். இதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த இடத்தில் எதை வைக்கச் சொல்கிறார்கள் என்பதில்தான் கேள்வி.

அடுக்கிய கூழாங்கல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்பா விளம்பரம், சோப்பு உறை, தியான ஆப் என்று எங்கே பார்த்தாலும் இது 'சமநிலை'யின் சின்னம். ஜப்பானில் அடுக்கிய கற்களுக்கு வேறொரு நினைவு உண்டு. பெற்றோருக்கு முன்னால் இறந்துபோகும் குழந்தைகள், 'சாய்' என்ற ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்மேல் கல் வைத்துக் கோபுரம் கட்டுகின்றன. பிசாசுகள் வந்து அதைத் தட்டிவிடுகின்றன. குழந்தைகள் மறுபடி அடுக்குகின்றன. கடைசியில் ஜிசோ என்ற போதிசத்துவர் வந்து தன் அங்கிக்குள் அவர்களை ஒளித்துக்கொள்கிறார். இது அங்கே பரவலான நாட்டார் பௌத்த நம்பிக்கை. வடக்கே அவோமோரி மாகாணத்தில் இருக்கும் ஓசோரே மலைக்குப் போகிறவர்கள் இறந்த குழந்தைகளுக்காகக் கல் அடுக்கிவிட்டு வருகிறார்கள்.

கற்களுக்குப் பேர்போன ஜென் இடம் கியோத்தோவின் ரியோவான்ஜி கோயில். ஏறத்தாழ 25 மீட்டருக்கு 10 மீட்டர் வெள்ளைச் சரளைப் பரப்பில் 15 கற்கள். ஒன்றுகூட இன்னொன்றின் மேல் அடுக்கப்படவில்லை. திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு கல் கண்ணுக்கு மறைந்துவிடும் என்பார்கள். முழுசாகப் பார்த்துவிட்டேன் என்று எழுந்து போக முடியாது.

ஆக, நான் சமநிலை என்று நினைத்து வாங்கியது பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அடுக்குகிற கல்லின் படம். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கும் தெரியாது, வரைந்தவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் துக்கத்தைக் கழுவி எடுத்துவிட்டுக் கல்லை மட்டும் வைத்திருக்கிறது இந்தப் படம். இதைக் கவனித்த பிறகு மற்ற பொருள்களிலும் எதைக் கழுவியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது.

தலை

ஏன் புத்தரின் முகம் மட்டும்? உடம்பு எங்கே?

பௌத்தக் கோயில்களில் புத்தர் உட்கார்ந்திருப்பார், நிற்பார், பரிநிர்வாணத்தில் படுத்திருப்பார். தலை மட்டும் தனியாக வழிபாட்டில் இருப்பது அபூர்வம். தனித்தலை ஓர் அலங்காரப் பொருளாக உலகம் முழுக்கப் பழகியதில் அருங்காட்சியகங்களுக்கும் கலைப்பொருள் சந்தைக்கும் பெரிய பங்கு உண்டு. சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் தியான்லோங்ஷான் குகைகள் இருக்கின்றன. 1920களில் அங்கே பாறையில் செதுக்கியிருந்த சிலைகளின் தலைகளை வெட்டியெடுத்து விற்றார்கள். முழுச் சிலையைப் பெயர்ப்பது கஷ்டம், தலையை வெட்டுவது சுலபம், கப்பலில் ஏற்றுவது அதைவிடச் சுலபம். அந்தத் தலைகள் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா என்று போய்ச் சேர்ந்தன. 2020இல் டோக்கியோவில் ஏலத்துக்கு வந்த ஒரு தலை அடையாளம் காணப்பட்டு, ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துச் சீனாவுக்குத் திரும்பியது. இன்றைக்கும் அந்தக் குகைகளில் கழுத்தோடு நிற்கிற சிலைகளைப் பார்க்கலாம்.

தாய்லாந்தில் புத்தர் உருவத்தை அலங்காரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் பெரிய பலகைகளே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து 'மதவாதம்' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நம் ஊர் நடராஜரின் தலையை மட்டும் வெட்டி எங்கோ ஒரு ஓட்டல் குளியலறையில் வைத்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் அவ்வளவு எளிதாக வாய் வராது.

இமை

அம்மாவின் குறை கண்ணைப் பற்றியது. அது சாதாரணக் குறை இல்லை. நம் வீடுகளில் சுவரில் இருக்கிற எதுவும் நம்மைப் பார்க்கும். சாமி படத்தின் கண் திறந்திருக்கும். சிலைக்குக் கண் திறப்பதே தனிச் சடங்கு. நாம் சாமியைப் பார்ப்பதோடு சாமி நம்மைப் பார்ப்பதும் சேர்ந்ததுதான் தரிசனம். இறந்தவர்களின் போட்டோவும் அப்படித்தான். ஸ்டூடியோவில் கேமராவை நேராகப் பார்த்து எடுத்தது, எந்த மூலைக்குப் போனாலும் நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

'அப்படியானால் ஜென் வேறு, நம் வழக்கம் வேறு, அவ்வளவுதானே' என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் போதிதர்மர் வந்து குறுக்கே நின்றார்.

ஜென் என்ற சொல்லே 'தியானம்'தான். சமஸ்கிருத தியானம் சீனத்தில் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆனது. அந்த மரபு தன் முதல் ஆசானாகச் சொல்லிக்கொள்வது போதிதர்மரை. '7ஆம் அறிவு' (2011) வந்த பிறகு அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது நமக்கு அசைக்க முடியாத உண்மை ஆகிவிட்டது. பழைய சீனக் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 547ஆம் ஆண்டுவாக்கில் லுவோயாங் நகரத்து மடாலயங்களைப் பற்றி யாங் சுவான்ஷி எழுதிய நூல் அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. தான்லின் எழுதிய முன்னுரை தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி பிற்பாடு சேர்ந்தது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும், மரபுக்கதையில் அவர் செய்தது ஒன்றுதான்: ஒரு குகையில் ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சுவர் அலங்காரம் பற்றிய கட்டுரையில் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? ஜென்னின் முதல் சுவர் ஒன்றுமே மாட்டாத பாறைச்சுவர். இன்றும் சோட்டோ பிரிவு ஜென் மடங்களில் சுவரைப் பார்த்துதான் தியானத்தில் உட்காருகிறார்கள். கண்ணை மூடுவதில்லை. பாதி திறந்து, பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கி. மூடினால் தூக்கமும் பகல்கனவும் வந்துவிடும் என்பது காரணம். அதை ஒட்டி இன்னொரு கதை: தியானத்தில் தூங்கிவிட்டோமே என்று கோபப்பட்டுப் போதிதர்மர் தன் இமைகளை அறுத்து எறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் முளைத்ததுதான் தேயிலைச் செடியாம்.

ஆகவே ஜென் ஓவியத்தில் போதிதர்மருக்கு முட்டை முட்டையாகக் கண். ஹகுயின் (1686–1769) வரைந்தவற்றை இணையத்தில் தேடிப் பாருங்கள். ரின்சாய் பிரிவின் பெரிய ஆசான், முறையாக ஓவியம் படித்த தொழில் ஓவியர் இல்லை. தடித்த மைக்கோட்டில், வழுக்கைத் தலை, தாடி, மேல்நோக்கி உருட்டிய இரண்டு கண்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் "ஏன்டா இன்னும் எந்திரிக்கல?" என்று அதட்டுகிற முகம். அந்த முகத்தை ஹாலில் மாட்டினால் சோபாவில் சாய முடியாது.

செஷு 1496இல், தன் 77ஆம் வயதில் வரைந்த படம் இன்னும் மோசம். ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. குகைக்குள் போதிதர்மர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஹுய்கே என்ற சீடர் நிற்கிறார். தன்னைச் சீடனாக ஏற்கவில்லை என்பதற்காகத் தன் இடக்கையை வெட்டி, அதை ஏந்திக்கொண்டு நிற்கிறார். ஜென் பற்றிய சுவர் ஓவியம் என்றால் இதைவிட ஜென்னாக ஒன்று இருக்க முடியாது. எந்த அலங்காரக் கடையும் இதை விற்காது. நானும் வாங்கமாட்டேன்.

ஆக அம்மா சொன்னதும் அந்த மரபு சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்று. கண்ணை இறுக மூடி, நீ யாரோ எவரோ என்று இருக்கும் முகம் அவர்கள் சுவருக்கும் அந்நியம்.

எட்டாவது படம்

புத்தர் வேண்டாம் என்கிறவர்களுக்குக் கடையில் இன்னொன்று இருக்கிறது: 'என்சோ' என்கிற மை வட்டம். ஒரே மூச்சில், ஒரே தூரிகை வீச்சில் போடுவது. எனக்கும் பிடிக்கும். வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்பு வட்டம், அதைவிட எளிமையாக என்ன வேண்டும்?

இந்த வட்டத்துக்கு ஜென்னில் ஒரு புகழ்பெற்ற இடம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சீனாவில் குவோஆன் என்பவர் அமைத்த 'மாடு மேய்க்கும் பத்துப் படங்கள்'. ஒரு பையன் தொலைந்த மாட்டைத் தேடிப் போகிறான், குளம்படி தெரிகிறது, மாடு தெரிகிறது, பிடிக்கிறான், பழக்குகிறான், அதன்மேல் ஏறிப் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு வீடு திரும்புகிறான். ஏழாவதில் மாடு இல்லை, பையன் மட்டும். எட்டாவதில் பையனும் இல்லை, வெறும் வட்டம்.

கடையில் விற்பது இந்த எட்டாவது படம். ஆனால் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்பதாவதில் மரமும் பூவும் தண்ணீரும் திரும்பி வருகின்றன. பத்தாவதில், தொப்பையும் மூட்டையுமாக ஒருவர் சிரித்துக்கொண்டு சந்தைக்குள் வருகிறார், ஜனங்களோடு கலக்க. வெறும் வட்டத்தோடு முடிகிற வேறொரு பட வரிசையும் சீனாவில் உண்டு. குவோஆன் அங்கே நிறுத்தவில்லை. சத்தமும் பேரமும் புழுதியும் இருக்கிற சந்தைக்கு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் முடிக்கிறார்.

செங்காய் (1750–1837) என்ற ஜென் துறவி இதை இன்னும் லேசாக்கினார். ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் இதைப் பலகாரமாக நினைத்துச் சாப்பிட்டுவிட்டு டீ குடி என்கிற பொருளில் எழுதி வைத்தார். வட்டத்தைக் கும்பிட வருகிறவனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். இந்தச் சிரிப்பும் கடை வட்டத்தில் இல்லை. துக்கம், அதட்டல், வலி, சந்தை, சிரிப்பு எல்லாம் போன பிறகு மிச்சம் இருப்பதைத்தான் நாம் அமைதி என்று விலை கொடுத்து வாங்குகிறோம்.

மாட்டுவதும் இறக்குவதும்

'சரி, அவர்கள் வீட்டுச் சுவரில் என்னதான் மாட்டுகிறார்கள்?' இதற்கு விடை தோகோனோமா. நம் பழைய வீடுகளில் விளக்கு வைக்க மாடம் இருக்குமே, அதைத் தரைவரைக்கும் இறக்கி, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சுருள் ஓவியம் அல்லது ஒரு துறவியின் கையெழுத்து தொங்கும். கீழே பெரும்பாலும் ஒரு பூ. அவ்வளவுதான்.

விஷயம் அந்தச் சுருளில் இருக்கிறது. அது ஃபிரேம் போட்டு அறைந்தது கிடையாது. விருந்தாளி வருகிற நாளுக்கு, பருவத்துக்கு, காரணத்துக்கு ஏற்ப ஒன்றைத் தேர்ந்து மாட்டுவார்கள். முடிந்ததும் இறக்கி, சுருட்டி, மரப்பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். தேநீர் சடங்குக்கு வருகிறவர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் தோகோனோமாவுக்கு முன்னால் உட்கார்ந்து, வணங்கி, அதைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் இன்றைக்கு எனக்காக இதை ஏன் மாட்டினார் என்று அவர் யோசிப்பார். அங்கே சுவர் ஒரு பேச்சின் முதல் வாக்கியம் மாதிரி.

கியோத்தோவுக்குப் பக்கத்தில் யாமசாகியில் 'தையான்' என்ற தேநீர் அறை இருக்கிறது. 1582 வாக்கில் சென் நோ ரிக்யூ அமைத்ததாகச் சொல்லப்படுவது. இரண்டு ததாமி பாய் அளவு, அதாவது சுமார் ஆறடிக்கு ஆறடி. நம் குளியலறை அளவுதான். சுவர் மண். பூச்சுக்குள் கலந்த வைக்கோல் துணுக்குகள் அப்படியே தெரியும். அந்த ரிக்யூவைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை: அவர் தோட்டத்தில் காலையில் பூக்கும் ஒரு கொடி நிறையப் பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, நாட்டையே ஆண்ட ஹிதெயோஷி பார்க்க வந்தார். தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை, எல்லாவற்றையும் வெட்டியிருந்தார்கள். கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தால், தோகோனோமாவில் ஒரே ஒரு பூ.

ஒகாகுரா காகுஸோ 1906இல் நியூயார்க்கில் வெளியான தன் தேநீர் நூலில் இதே விஷயத்தை மேல்நாட்டு வீடுகளோடு ஒப்பிடுகிறார். ஒரு வரவேற்பறையில் இத்தனை ஓவியம், சிலை, பழம்பொருள் நிரந்தரமாகக் கிடந்தால் அதில் எதை ரசிப்பது என்பது அவர் கேள்வி. தனிசாகி 1933இல் நிழலைப் புகழ்ந்து எழுதத் தொடங்கிய கட்டுரையில், தோகோனோமாவில் ஓவியத்தைவிட அது சுவரோடும் மங்கல் வெளிச்சத்தோடும் சேர்வதுதான் முக்கியம் என்கிறார்.

இருவரும் சொல்வதை என் ஹாலோடு வைத்துப் பார்த்தேன். கேன்வாஸ் வந்த முதல் வாரம் தினமும் பார்த்தேன். ஒரு மாதத்தில் அது சுவராகிவிட்டது. மூன்றாவது மாதம் ஒரு துண்டு சாய்ந்திருப்பதை வீட்டுக்கு வந்த நண்பர் சொல்லித்தான் கவனித்தேன். எப்போதும் இருக்கிற படம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இறக்கி வைக்கிற படத்தை மறுபடி மாட்டும்போது பார்த்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கம்

இதைப் படித்துவிட்டு, ஜப்பான்காரன் உத்தமன், நாம் நகல் எடுக்கிறவர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தையானின் வறுமை பணக்காரர்களுக்காகச் செய்த வறுமை. அங்கே மாட்டிய கையெழுத்துச் சுருள்களுக்கும், அழகில்லாத மாதிரி தோன்றும் கிண்ணங்களுக்கும் கொள்ளை விலை. அதே ஹிதெயோஷி தங்கத்தகடு பதித்த தேநீர் அறை ஒன்றைச் செய்து 1586இல் அரண்மனைக்கே கொண்டுபோய்க் காட்டினார். அப்போது அவருடைய தேநீர் ஆசான் ரிக்யூதான். 1591இல் அதே ஹிதெயோஷியின் உத்தரவில் ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். அமைதியின் அறைக்கு வெளியே எப்போதும் ஓர் அதிகாரம் நின்றுகொண்டிருந்தது. இன்றைய ஜப்பானிய அடுக்குமாடி வீடுகளில் தோகோனோமா அருகிக்கொண்டு வருகிறது. அவர்கள் சுவரிலும் டிவிதான்.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. "எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தா நிம்மதியா இருக்கு, உனக்கென்ன?" நியாயம். பத்து மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் பஸ் என்று வருகிறவருக்கு ஹாலில் ஹகுயினின் உருட்டுக் கண் எதற்கு? பச்சைக் காட்சி உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆய்வும் காட்டுவார்கள். 1984இல் 'சயின்ஸ்' இதழில் ரோஜர் உல்ரிச் வெளியிட்டது இந்த வகையில் அதிகம் பேசப்படுவது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப்பேர் அறை ஜன்னலில் மரங்கள், மீதிப்பேர் ஜன்னலில் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரம் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது.

நல்ல ஆய்வு. ஆனால் அதில் இருந்தது ஜன்னல். வெளியே இருந்தவை காற்றில் அசைகிற, காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக இருக்கிற உயிருள்ள மரங்கள். அச்சடித்த மூங்கிலைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. ஹாலில் பச்சை வேண்டும் என்றால் முதலில் செய்ய வேண்டியது, நாம் பீரோவை வைத்து அடைத்திருக்கிற ஜன்னலைத் திறப்பது.

நிம்மதி தருகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. எனக்கும் தந்தது. எப்படித் தந்தது என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். அப்பா போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். கடைசி நாள்களில் ஆஸ்பத்திரியில் நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று. புத்தர் படம் அதைக் கேட்காது. நான் அமைதி என்று சொன்னது, என்னை யாரும் கேள்வி கேட்காத ஒரு சுவரை. சுவரைக் காலி செய்தபோது குப்பையை மட்டும் இறக்கவில்லை. என்மேல் உரிமை இருந்தவர்களையும் சேர்த்து இறக்கியிருக்கிறேன்.

ஆணி

இந்தக் குறிப்புகளை எழுதி முடிக்கிற சமயத்தில் கேன்வாஸை இறக்கினேன். ஐந்து துண்டுக்குப் பத்து ஓட்டை. அப்பா போட்டோவைத் திரும்ப ஹாலில் மாட்டலாம் என்று அம்மாவின் அறைக்குப் போனேன்.

"அங்க வேணாம்டா. இங்கேயே இருக்கட்டும். படுத்தா நேரா தெரியுது. ராத்திரி முழிப்பு வந்தா பாத்துக்கிட்டே இருப்பேன்."

நான் அதைத் தள்ளிவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் அந்தப் போட்டோவுக்கு ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டார். அதனால் பரிகாரம் செய்தேன் என்று கட்டுரையை முடிக்க எனக்கு வழி இல்லை.

"காலண்டர வேணா ஹாலுக்குக் கொண்டு வா. ஃபிரிட்ஜ் பக்கத்துல குனிஞ்சு கிழிக்க முடியல."

காலண்டர் வந்தது. பத்து ஓட்டையில் ஒன்பதை அடைத்தாயிற்று, ஒன்றில் ஆணி. அம்மா காலையில் காபி குடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். நேற்றைய தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, கீழே எழுதியிருக்கும் பொன்மொழியைச் சத்தமாகப் படித்து, கிழித்த தாளை நாலாக மடித்துப் போன் பக்கத்தில் வைப்பார், கணக்கு எழுத. மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைக் குத்துகிற அச்சு, மேலே மளிகைக் கடையின் பெயர், போன் நம்பர். எந்த இன்டீரியர் டிசைனரும் ஒத்துக்கொள்ளாத பொருள்.

ஆனால் இந்த வீட்டில் ஒருவர் தினமும் முன்னால் வந்து நின்று பார்க்கிற சுவர் இப்போது அது ஒன்றுதான்.